சூறாவளியின் முகம்

முதலில் அவள் பார்த்தது இரண்டு கண்களை மட்டும்தான்.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வெகு நேரமாகியிருந்தது. உள்ளே அவள் ஒருத்திதான். மழையில் நனைந்து கழுத்தில் ஒட்டிய முடி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த சட்டம் போட்ட படம் ஒன்று... அலாரம் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வலித்தது. அப்போதுதான் தலைக்கு மேலே கதவு விரலளவு விலகியது. அந்த இடுக்கில் அந்தக் கண்கள். தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் பதற்றத்தைத் தணிக்கிற கண்கள்.

"பயப்படாதீங்க. கீழ விழாது."

"நான் பயப்படறேன்னு யார் சொன்னது?"

"அலாரம்தான். விடாம அடிச்சீங்களே."

"அது... வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

"நல்லா செய்யுது. தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு."

கண்கள் சிரித்தன. கதவு முழுக்கத் திறந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவன், முழங்காலிட்டுக் குனிந்து கையை நீட்டினான். அவள் கையைக் கொடுக்காமல் படத்தைக் கொடுத்தாள்.

"முதல்ல இதை வாங்குங்க. ஈரம் படக்கூடாது."

வாங்கியவன் அதைத் திருப்பிப் பார்த்தான். பச்சை அங்கி போட்ட வில்லாளி ஒருவன், மலை விளிம்பில் நிற்கிறான். பார்த்தவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கிப் போனது.

"இது... ஆன்லைன்ல எல்லாரும் கூடி ஆடுவாங்களே, அந்த விளையாட்டுதானே? என் தங்கச்சி விளையாடுவா."

"ஆமா. அவங்கவங்க அதுல தனக்குன்னு ஒரு ஆளை உருவாக்கி வச்சிருப்பாங்கல்ல... முகம், முடி, உடுப்பு எல்லாம் பார்த்துப் பார்த்து. அந்த ஆளைப் படமா வரைஞ்சு தர்றதுதான் என் வேலை. மூணாவது மாடி, போட்டோ பிரின்ட் கடை."

அவன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார்... என்னைத் தூக்க மறந்துட்டீங்க."

*

மறுநாள் மதியம் கடைக்கார அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். "பென்சிலு, உன் லிஃப்ட்காரர் வந்திருக்கார்." ஒல்லியாக இருப்பதாலும் காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகி வைத்திருப்பதாலும் அந்தக் கடையில் அவளுக்கு அதுதான் பெயர்.

அவன் தன் போனை நீட்டினான். கணினித் திரையைப் போனால் எடுத்த மங்கலான படங்கள். குட்டையாக வெட்டிய செம்பட்டை முடி, புருவத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு தழும்பு, கையில் ஆளுயர ஈட்டி. தலைக்கு மேலே பெயர்: சூறாவளி. அடுத்து வேறொரு படத்தைக் காட்டினான். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். மெலிந்த முகம், பெரிய கண்ணாடி.

"உடம்பு, உடுப்பு எல்லாம் அதுவே இருக்கட்டும். முகத்தை மட்டும் இவ முகமா மாத்திடுங்க. அம்மா கேக்கறாங்க."

"உங்க தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?"

"எதுக்கு?"

"இந்தத் தழும்பு இருக்கே... இது இவ்வளவு நீளம், இங்க ஆரம்பிக்கணும்னு உட்கார்ந்து யோசிச்சு வச்சிருப்பாங்க. தன் முகம் வேணும்னா அவங்களே வச்சிருக்க மாட்டாங்களா? அவங்க சரின்னு சொல்லாம நான் மாத்த மாட்டேன்."

"நான் அவ அண்ணன்."

"இருந்துட்டுப் போங்க. முகம் அவங்களுது."

அவன் தாடை இறுகியது. "உங்களுக்கு அவளைத் தெரியுமா? சொன்னதை வரைஞ்சு தர்றதுதானே உங்க வேலை?"

சுருக்கென்று தைத்தது. அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கோங்க."

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். போய்விட்டான். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏண்டி, வந்ததும் வராததுமா அவரை அனுப்பிட்டே?"

"முகத்தை மாத்தச் சொல்றார்க்கா. தங்கச்சியைக் கேக்கணும்னேன். அதுக்குப் போய்..."

அக்கா கையிலிருந்த புகைப்படத் தாளைக் கீழே வைத்தாள். "உன்கிட்ட சொல்லலையா? நீ உள்ள இருந்து வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட ரொம்பத் தயங்கி ஒண்ணு கேட்டார். தவறிப்போனவங்களுக்கும் வரைஞ்சு தருவாங்களான்னு."

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்... கேட்டீர்களா என்று. அவன் அதை எப்படித் தாங்கிக்கொண்டு நின்றான்?

*

லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறையில்தான் அவன் இருப்பான் என்று காவலாளி சொன்னார். அவள் மூச்சு வாங்கப் படியேறினாள். கிரீஸ் வாடை. கையெல்லாம் கறுப்பாக அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது."

"நான் சொல்லலையே. சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா வாய்ல 'விளையாடுவா'ன்னுதான் வருது, இன்னும் இருக்கற மாதிரி... 'விளையாடுவா'ன்னு சொல்லிட்டு அப்புறம் எப்படி அதை மாத்தறது?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பத்தாவது படிக்கும்போது தங்கைக்குக் கால் தடுமாற ஆரம்பித்தது. தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கிற நோய். அப்புறம் நாற்காலி, அதற்கப்புறம் கட்டில். கடைசி வரைக்கும் விரல்கள் மட்டும் ஓயவில்லை, விளையாடிக்கொண்டே இருந்தாள். நுரையீரலும் சோர்ந்தபோது எல்லாம் முடிந்துபோனது.

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முகத்தைப் பத்தி நான் சொன்னதை இப்பவும் மாத்திக்கல," என்றாள் மெதுவாக. "ஆனா ஒரு தடவை அவங்களை அந்த விளையாட்டுக்குள்ளயே பாக்கணும். நீங்க எடுத்த படமெல்லாம் ஒரே மங்கல். காட்டுவீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். முறைப்பான் என்று நினைத்தாள். தலையாட்டினான்.

*

தங்கையின் மடிக்கணினியை அவன் ஒரு போர்வையில் சுற்றிக் கடைக்கு எடுத்து வந்தான். தங்கை கடைசியாக விட்டது விட்டபடியே இருந்தது. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. திரை விரிந்தது. ஒரு காலை முன்னால் வைத்து, ஈட்டியை ஊன்றி, சூறாவளி நின்றாள்.

ஆனால் அவள் மட்டும் இல்லை. பக்கத்தில் இன்னொருவன். அகன்ற தோள், கேடயம், பாதி மூடிய கண்கள். தலைக்கு மேலே பெயர்: தூங்குமூஞ்சி.

"இது யாரு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவள், பதிலை அவன் முகத்திலேயே பார்த்தாள். அதே தோள். அதே கண்கள்.

"வேலை முடிஞ்சு வந்து அவ கட்டில் பக்கத்துல உட்கார்ந்த உடனே தூங்கிடுவேன்," என்றான். "அப்படித்தான் கூப்பிடுவா."

அவள் தூங்குமூஞ்சியின் பையைத் திறந்து பார்த்தாள். அண்ணனுக்காகத் தங்கை உருவாக்கி வைத்தவன், விளையாட்டில் இன்னும் ஓரடிகூட எடுத்து வைக்காதவன். ஆனால் பை நிறைய வாள், கவசம், செந்நிற மேலங்கி, குதிரை... எல்லாம் சூறாவளி கொடுத்தவை. வளர்ந்த வீரர்கள் மட்டுமே போட முடிகிற சாமான்கள். அண்ணன் ஒருநாள் வருவான், வளருவான், போட்டுக்கொள்வான் என்று சேர்த்து வைத்திருக்கிறாள்.

"ஒவ்வொரு லீவுக்கும் கூப்பிடுவா," என்றான் அவன். "ஒரே ஒரு ஆட்டம், வாடா அண்ணான்னு... எனக்கு இதெல்லாம் வராதும்பேன். உடம்பு அலுப்பா இருக்கும்மா, விடும்பேன். விட்டுட்டா."

அவன் எழுந்து போய் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தான். முதுகு குலுங்கியது. கடைக்கார அக்கா சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்... அருகில் போகலாமா, தோளைத் தொடலாமா என்று தெரியாமல், கையை மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டு.

அவன் திரும்பி வந்தபோது நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"உட்காருங்க. எப்படி நடக்கறதுன்னு சொல்லித் தர்றேன்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. அவன் ஆடுவதைப் பார்த்தால் அழுகிறவர்களுக்கும் சிரிப்பு வரும்.

"பாலத்துல நேராத்தானே போகணும்? ஏன் ஆத்துல குதிக்கறீங்க?"

"குதிக்கல. விழுந்தேன்."

"லிஃப்ட்டை மட்டும் எப்படித்தான் ஒழுங்கா ஓட்டறீங்களோ."

"அது மேலயும் கீழயும்தாங்க போகும். இப்படி நாலா பக்கமும் போகாது."

சிரிப்பான். சிரித்த உடனே, ஏதோ திருடிவிட்டவன்போல முகம் வாடிவிடும். அவளுக்கு அது புரியும். பேச்சை மாற்றாமல், ஆறுதலும் சொல்லாமல் காத்திருப்பாள். படமும் பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அவனும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தான். ஈட்டி இன்னும் கொஞ்சம் சாயணும், மேகம் இன்னும் கறுக்கணும்... ஒருநாள், செருப்பின் வாரை மாற்றச் சொல்ல வந்தபோது அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அந்தச் செருப்பு படத்திலேயே இல்லை. புல் மறைத்திருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. 'சரி, மாத்தறேன்' என்றாள்.

முகத்தைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. படம் முடியும் நாளில்தான் சொன்னான். "அவ வச்ச முகமே இருக்கட்டும். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா... நீங்களும் கூட வரணும்."

*

அவன் அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அறையில் கட்டில் இன்னும் இருந்தது. விரிப்பு மடிப்புக் கலையாமல்.

"என் பொண்ணு எங்கடா?" என்றார். "யாரோ ஒரு பொண்ணு முகத்தைக் கொண்டாந்து குடுத்தா என்ன அர்த்தம்? அவ முகத்தைக் கேட்டேன். அதைக்கூட உன்னால செய்ய முடியலையா?"

அவன் வாய் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"தப்பு என்னோடதும்மா. அவர் கேட்டார். நான்தான் முடியாதுன்னேன்."

"நீ யாரும்மா முடியாதுங்கறதுக்கு?"

உண்மையிலேயே, நான் யார்? தலையைக் குனிந்துகொண்டாள். படத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள்.

அம்மா விடவில்லை. அவர் பார்வை வேறெங்கோ போயிருந்தது. முகத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு, அங்கிருந்து கீழே...

"இப்படி நிக்க நீதான் வரைஞ்சியா?"

"இல்லம்மா. எப்படி நிக்கணும்னு விளையாட்டுல அவங்களே தேர்ந்தெடுக்கலாம். அவங்க வச்சதுதான்."

"ஒரு காலை முன்னாடி போட்டு..." அம்மாவின் விரல் கண்ணாடிமேல் ஊர்ந்தது. "பள்ளிக்கூடம் போறப்ப வாசல்ல இப்படித்தான் நிப்பா. நேரமாச்சு நேரமாச்சுன்னு என்னை விரட்டிக்கிட்டு... நேரா நில்லுடின்னு திட்டுவேன்." குரல் உடைந்தது. "எவ்வளவு நல்லா நிக்கிறா பாருடா. என் பொண்ணு நிக்கிறாடா."

அவன் தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் தலை வைத்தான். அம்மா ஒரு கையால் படத்தையும் மறுகையால் மகன் தலையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

இங்கே தனக்கு இனி வேலையில்லை என்று தோன்றியது. அவள் ஓசைப்படாமல் வெளியே வந்தாள்.

*

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவன் ஓடி வந்திருந்தான். கையில் விரிக்காத குடை.

"சொல்லாமலே வந்துட்டீங்க."

"வேலை முடிஞ்சுடுச்சே..."

"ஆமா. முடிஞ்சுடுச்சு." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தான். "நாளைக்கு என்ன சொல்லிக்கிட்டு வர்றதுன்னு யோசிச்சுக்கிட்டே ஓடி வந்தேன். ஒண்ணும் தோணல."

அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பச் செருகினாள்.

"அவளை நெனச்சு அழுதா நடுவுல நீங்க வர்றீங்க," என்றான். "உங்களை நெனச்சா நடுவுல அவ வர்றா. இது ஆசையா, துக்கமா... எனக்கே பிரிக்கத் தெரியல. ஆசைன்னு சொன்னா உங்களை ஏமாத்தற மாதிரி இருக்கு. சொல்லாம இருந்தா மூச்சு முட்டுது."

மழை பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது. அவளுக்குக் கண்கள் நிறைந்து, எதிரில் நின்றவனின் முகம் கலங்கித் தெரிந்தது. எத்தனை மதியங்கள்... அந்தப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்காதா என்று சீவிய பென்சிலையே திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டு இருந்தேன். அதை மட்டும் என்ன பெயர் சொல்லிப் பிரித்தேன்?

"பிரிக்க வேண்டாம்," என்றாள். "நானும் பிரிச்செல்லாம் பாக்கல. நீங்க அழுத அன்னிக்கே எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. சொன்னா அசிங்கம்னு இருந்தேன்... அழறவரைப் பார்த்து யாராவது ஆசைப்படுவாங்களான்னு."

அவன் குடையை விரித்தான்.

"நனையுற பாரு," என்றான். "இப்படி வா."

வாங்க இல்லை. வா. சொன்னது அவனுக்கே தெரிந்ததா என்று அவள் கேட்கவில்லை. குடைக்குள் வந்து நின்றாள். பஸ் வந்தது, நின்றது, போனது. இருவரும் அழுதுகொண்டே நின்றார்கள்.