தெரிந்தவர் வேண்டாம்

கைகொடுப்பான் வந்த பிறகு சென்னையில் யாரும் யாரிடமும் போய் நிற்பதில்லை. மணிக்கட்டுத் திரையில் தேவையைச் சொன்னால் போதும். குளம் தூர்வார நூறு பேர், ரத்தம் கொடுக்க ஒருவர், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஒரு பெண் என்று ஊரெங்கும் தேடித் தன்னார்வலர்களை அதுவே அனுப்பிவைத்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல இயந்திரம்தான்.

அதில் ஒரு கட்டம் இருந்தது: 'தெரிந்தவர் வேண்டாம்.' ஏறக்குறைய எல்லோருமே அதைத் தொட்டு வைத்திருந்தார்கள். தெரிந்தவன் உதவினால் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவானே!

பெருங்குடி அடுக்ககம் ஒன்றில், மங்களேஸ்வரியின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள். கணவன் வெளியூரில். அவள் பதறிப்போய்த் திரையில் சொன்னாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள் என்பதால், போரூரிலிருந்து ஒருவர் புறப்பட்டுவிட்டதாகக் கைகொடுப்பான் சொன்னது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆரோக்கியராஜ் ஓடிவந்தான். வாட்டசாட்டமான ஆள்.

"என்னக்கா? நான் ஒடைக்கட்டுமா?"

போன மாதம்தான் பார்க்கிங்குக்காக அவனோடு வாய்ச்சண்டை போட்டிருந்தாள். "வேணாம் தம்பி. ஆள் கெளம்பிட்டாங்க."

உள்ளேயிருந்து மாமனார் முனகினார். "அந்தப் பையனையே கூப்பிடும்மா... மூச்சு முட்டுது."

"கொஞ்சம் பொறுங்க மாமா, இதோ வந்துருவாங்க."

ஆரோக்கியராஜின் மணிக்கட்டு அதிர்ந்தது. போரூரில் ஓர் அம்மாளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டுமாம். கிளம்பிவிட்டான்.

போரூரில் கதவைத் திறந்த மகள் படபடத்தாள். "இவ்ளோ நேரமா சார்? அவசரத்துக்கு எதிர்வீட்டு அண்ணன் கூட இல்ல. பெருங்குடில யாரோ பெரியவர் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாராம், கதவ ஒடைக்கப் போயிட்டாரு."

அது எந்தக் கதவு என்று ஆரோக்கியராஜுக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு விழுந்தடித்துக்கொண்டு திரும்பினான். உடைந்த கதவு சுவரில் சாய்ந்திருந்தது. மாமனாரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். போரூர்க்காரர் வந்து சேர்வதற்கு முன்பே உள்ளே சத்தம் அடங்கிவிட்டதாம்.

மறுநாள் பாடை தூக்க, முன்பின் தெரியாத நாலு பேரைக் கைகொடுப்பான் அனுப்பியிருந்தது. ஆரோக்கியராஜ் செருப்பில்லாமல் வாசலில் வந்து நின்றான்.

"நானும் தோள் குடுக்கறேன்க்கா."

மங்களேஸ்வரி வாய்விட்டு அழுதாள். "நேத்தே உன்னை விட்டிருக்கணும் தம்பி. பாவி, என் வீம்புதான் அவரைக் கொன்னுடுச்சு."

அவன் முன்னால் போய்த் தோள் கொடுத்தான். பாடை படியிறங்குவதற்குள் அவள் மணிக்கட்டு அதிர்ந்தது.

'உங்களுக்குத் தெரிந்த ஒருவர் உதவியதாக அறிகிறோம். இடையூறுக்கு வருந்துகிறோம். அவர்மீது புகார் பதிய வேண்டுமா?'