மேல் மூலைப் பார்வை

"திரையை மட்டும் பாருங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

அவள் குரலில் எரிச்சல். நாற்காலியில் இருந்தவன் அசடு வழிந்தான். திரையில் இரண்டு சட்டைகளின் படம். பிடித்த சட்டைக்கு நேரே பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குள் கண் எங்கெல்லாம் அலைகிறது என்று சின்ன கேமரா ஒன்று குறித்துக்கொள்ளும். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்... அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இவனோ ஒவ்வொரு முறையும் அழுத்துமுன் மேல் மூலையை ஒரு பார்வை பார்த்தான். அங்கே ஈ காக்கா இல்லை.

"அங்க என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. நான் பஸ் டிரைவர். தலைக்கு மேல இருக்கிற கண்ணாடியைப் பார்க்காம எதுவும் செய்ய வராது."

"விளையாடறீங்களா? உங்களை மாதிரி ஆளைக் கூப்பிட்டது என் தப்பு."

அவன் முகம் வாடியது. எழுந்து போய்விட்டான்.

'உங்களை மாதிரி ஆள்'... அந்த வார்த்தை ஏன்தான் வாயில் வந்து தொலைத்ததோ. மாலையில் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒரு முறைகூடத் தவறாமல் அதே பார்வை. பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் வழக்கமான பஸ்ஸில் ஏறியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிரைவர் சீட்டில்... அவனேதான். அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். அவள் ஸ்டாப் வந்ததும் இரண்டு முறை ஹாரன் அடிக்கும், விழித்து இறங்குவாள். இன்று தூக்கம் வரவில்லை. ஸ்டாப் வந்தது. சாலையில் குறுக்கே யாருமே இல்லை. ஆனாலும் ஹாரன் அடித்தது... இரண்டு முறை. அப்படியானால் இத்தனை நாளும்?

அவள் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் போன பிறகு முன்னால் வந்தாள்.

"அந்த ஹாரன் எனக்காகவா?"

"ஒரு நாள் தூங்கிட்டு ஸ்டாப்பை விட்டுட்டு, மழையில திரும்பி நடந்து போனீங்க. மனசு கேக்கல."

கண்ணை ஆராய்கிறவள், இந்தக் கண்களை இத்தனை நாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே...

"காலையில சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க."

"அதை அப்பவே மறந்தாச்சு."

"அப்ப... இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. பொத்தான் இல்ல, வாயாலதான் சொல்லணும்." குரல் நடுங்கியது. "என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

சட்டென்று வந்தது பதில். அவன் கண்கள் அவளை விட்டு நகரவே இல்லை.

"கண்ணாடியைப் பார்க்கலையே நீங்க?"

"அதுல பார்த்துப் பார்த்து எப்பவோ எடுத்த முடிவுங்க இது."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராக அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், தலையை உயர்த்தினாள்.

"எனக்கும்தான்," என்றாள், மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்து.