பீமாராவுக்கு வந்த பார்சல்

கதவைத் தட்டும்போதே அழகுராஜா சிரித்துக்கொண்டிருந்தான்.

ஐப்பசி மழை வில்லாபுரத்துத் தெருக்களைச் சேறாக்கி வைத்திருந்தது. முதுகுப் பையில் நாற்பது பார்சல்கள். அவற்றில் ஒன்றை மட்டும் தனியாக ரெயின்கோட்டுக்குள் அணைத்துக் கொண்டுவந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி. சுங்கத்தில் இரண்டு மாதம் கிடந்து ஒரு மூலை நசுங்கியிருந்தது. மேலே தூண்டில் ரீலின் படம். பெயர்: பீமாராவ்.

மதுரையைச் சுற்றித் தூண்டில் பைத்தியம் பிடித்தவர்கள் முந்நூறு பேருக்கு டெலிகிராமில் ஒரு குரூப் இருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மீனைப் பிடித்திருக்கும் கைகள்தான் தெரியும். அதில் 'வைகை பீமா' என்று ஒரு பையன். வாய் ஓயாதவன். எந்த ரீல் வாங்கலாம், தூண்டிலில் மாட்டுகிற எந்தத் தவளைப் பொம்மைக்கு விரால் பாயும், காற்றடிக்கிற ரப்பர் படகு கண்மாய்க்குச் சரிப்படுமா... கேள்வி கேட்டே எல்லாரையும் சாகடிப்பான். இரண்டு மாதமாகச் சத்தத்தைக் காணோம். ஒருவேளை அவனாக இருந்தால்? 'என்ன மாப்ள, கடைசியில நான் சொன்ன ரீலைத்தான் வாங்குனியா' என்று கேட்டு அசத்திவிட வேண்டும்...

கதவு திறந்தது. ஒரு பெண் நின்றாள்.

"பீமாராவ் இருக்காரா மேடம்?"

"இல்ல."

"அவரு நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும். கேட்டுச் சொல்லுங்களேன்."

"வராது."

"வரும் மேடம், இப்பத்தான் அனுப்புனேன். லேசா நனையுது, சீக்கிரம்..."

"அந்தப் போனு தண்ணிக்குள்ள கிடக்குண்ணே. அவனை மட்டுந்தான் தூக்குனாங்க. போனைத் தூக்கல."

அழகுராஜாவின் முகத்தில் சிரிப்பு எங்கே போய் ஒளிவதென்று தெரியாமல் நின்றது.

"செத்தவன்கிட்ட ஓடிபி கேக்குறீங்க. அடுத்து என்ன, கையெழுத்தா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. கருத்த, அகன்ற கண்கள். அழுகையை நாளைக்கு நாளைக்கென்று தள்ளிப்போட்டே சிவந்துபோன கண்கள்.

"மன்னிச்சிருங்க... எந்தத் தண்ணியில?" ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நாகமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கல்குவாரி. குரூப்ல எவனோ சொல்லியிருக்கான், அங்க நாலு கிலோ விரால் கிடக்குன்னு. வடக்கு ஓரத்துப் பாறையில நின்னு எறியணுமாம். அப்படியே எங்கிட்ட ஒப்பிச்சுட்டுப் போனான், பரீட்சைக்குப் போற மாதிரி." அவள் பெட்டியைப் பார்த்தாள். "பாசி வழுக்கியிருக்கு. நீச்சல் தெரியாது என் தம்பிக்கு."

அழகுராஜா பெட்டியில் விழுந்த மழைத்துளியைத் துடைத்தான்.

"ஓடிபி இல்லாம குடுக்க முடியாது மேடம்... மூணு தடவை கொண்டுவரலாம். அதுக்கப்புறம் திரும்பிப் போயிரும்."

"சிம்மு என் பேர்லதான் இருக்கு. டூப்ளிகேட் வாங்கிப் பாக்குறேன். அவன் ஆசைப்பட்டது, வீட்டுக்கு வராம போகக் கூடாது." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா?"

"ஆமா."

கதவு மூடியது. ஏன் கொடுக்கவில்லை என்று போன் காரணம் கேட்டது. வரிசையில் முதலில் இருந்தது, 'பெறுநர் வீட்டில் இல்லை.' தினமும் பத்து முறை அழுத்துகிற வரி. இன்று அவன் விரல் அதன்மேல் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

*

நாலு கிலோ விரால். அது அழகுராஜா பிடித்தது. பரவைக்கு மேற்கே, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கண்மாயில்.

குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. மீன் படம் போடுவார்கள். பின்னால் தெரிகிற கரையையும் மரத்தையும் வெட்டிவிட்டுப் போடுவார்கள். இடத்தைச் சொன்னால் மறுநாள் இருபது பேர் வந்து நிற்பார்கள் என்ற பயம். தனியாக வந்து நச்சரிக்கிறவனை வேறு எங்காவது அனுப்பிவிடுவார்கள். அவன் வெயிலில் காய்ந்து வெறுங்கையோடு திரும்பி வருவான், புரிந்துகொள்வான், அடுத்த முறை அவனும் யாரையாவது அப்படி அனுப்புவான். எல்லாரும் செய்வதுதான். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

பீமா மூன்று நாள் நச்சரித்தான். 'அண்ணே, எங்கண்ணே? சத்தியமா யார்ட்டயும் சொல்ல மாட்டேன்ணே.'

அழகுராஜா டீ குடித்துக்கொண்டே தட்டினான். 'நாகமலைக் குவாரித் தண்ணி. வடக்கு ஓரத்துப் பாறையில நின்னு எறி.'

அந்தக் குவாரியில் அவன் கால் வைத்ததே இல்லை. ரோட்டில் போகும்போது பார்த்ததோடு சரி. பாறையென்று ஒன்று இருக்கத்தான் செய்யும் என்று நினைத்து எழுதினான். பொய் நம்பும்படி இருக்க வேண்டுமே...

பீமா ஒரு கும்பிடு போட்டிருந்தான். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. மீன் கிடைக்காத கோபம் என்று இவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

*

மறுநாள் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். தலை வாரியிருந்தாள். பெயர் முத்துமீனா என்றும், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சாயங்கால ஷிஃப்ட் பார்ப்பதாகவும் சொன்னாள்.

"சிம்மு நாளைக்குத்தான் வேலை செய்யுமாம். உங்களுக்கு வீண் அலைச்சல். காப்பி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தான். டம்ளர் கைக்கு வந்துவிட்டது.

"நீங்களும் தூண்டில் கேசுதான?" என்றாள்.

அவன் டம்ளரை இறக்கினான். "எப்படிச் சொல்றீங்க?"

"விரல்ல கோடு கோடா வெட்டு. அவனுக்கும் அப்படித்தான், தூண்டில் நரம்பு இழுத்து இழுத்து." அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கவா? ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனா மீனு கிடைக்குது. அதை விட்டுட்டு எதுக்கு இம்புட்டுக் கூத்து?"

"நாங்க திங்கிறதுக்காகப் புடிக்கிறதில்ல. பெரும்பாலும் படம் எடுத்துட்டு விட்டுருவோம்."

"விட்டுருவீங்களா! அப்ப என்னத்துக்குய்யா புடிக்கிறீங்க?"

"அது... அப்படித்தான்."

"நல்ல பொழப்பு! மீனைக் கூப்பிட்டு வாயில குத்தி, போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது."

அவன் சிரித்துவிட்டான். அவளும். இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்த அந்த நொடியில் அவள் கண்கள் மழைக்கு நடுவே வெயில் அடித்ததுபோலத் தெளிந்தன. இந்தக் கண்களை இன்னும் ஒருமுறை இப்படிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றிய அடுத்த கணமே டம்ளர் கையில் சுட்டது.

"என் நெயில் பாலிஷை எடுத்து தவளைப் பொம்மைக்கெல்லாம் கண்ணு வரைஞ்சு வச்சிருக்கான் கிறுக்குப் பய. செகப்புக் கண்ணு வச்சாத்தான் விரால் பாயுமாம். அன்னைக்கி அதுக்காகத்தான் சண்டை. போறேன்னு சொன்னான். நான் வாய் திறக்கல..." நிறுத்தினாள். பிறகு நேராக அவனைப் பார்த்தாள். இந்தமுறை அண்ணே என்று கூப்பிடவில்லை. "நீங்க அந்த ஆளுங்களோட பழக்கம்தான? எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? அந்த இடத்தைச் சொன்னவன் யாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

"தெரிஞ்சு... என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அங்க அவனும் நின்னு மீன் புடிச்சானான்னு கேக்கணும். அவன் கால் மட்டும் எப்படி வழுக்காம இருந்துச்சுன்னு கேக்கணும். அம்புட்டுத்தான்."

"கேட்டுப் பாக்குறேன்" என்றான் அழகுராஜா. அதுவும் ஒரு பொய். எத்தனையாவது என்று எண்ண அவனுக்குத் தைரியம் இல்லை.

*

அன்று வேலை முடிந்ததும் தன் கண்மாய்க் கரைக்குப் போனான். தூண்டிலை எடுக்கவில்லை. மழை நின்ற சாயங்காலம். நீர் அசையாமல் ஈயத் தகடுபோலக் கிடந்தது. இந்த இடத்துக்காக...

போனை எடுத்து அந்த மெசேஜைத் திறந்தான். மேலே 'வைகை பீமா'. கீழே இவன் எழுதிய இரண்டு வரி.

அவளுக்கு ஒரு விஷயம் இன்னும் உறைக்கவில்லை. நாளைக்கு அந்த சிம் உயிர் பெற்றதும், அதே நம்பரை டெலிகிராமில் போட்டால் பழையதெல்லாம் அப்படியே அவள் கையில் வந்துவிடும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என்றைக்காவது ஒருநாள் அவளுக்கு அது தோன்றும்.

மெசேஜை விரலால் அழுத்திப் பிடித்தான். 'அழி' என்று வந்தது. தொட்டான். அடியில் சின்னதாக ஒரு கட்டம் கேட்டது: வைகை பீமாவுக்கும் சேர்த்து அழிக்கவா?

ஒரு தட்டு. அவ்வளவுதான். குவாரி இல்லை, வடக்கு ஓரம் இல்லை. நாளைக்குக் காப்பி குடிக்கலாம். அடுத்த வாரம் ஒரு சினிமாவுக்குக் கூப்பிடலாம். அந்தக் கண்கள் இவனைப் பார்த்துச் சிரிக்கும், வருஷக்கணக்காக. ஒவ்வொரு சிரிப்புக்கும் உள்ளே ஒருவன் பாறை மேல் நின்றுகொண்டிருப்பான்...

கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். திரை தானாக அணைந்தது. திரும்ப ஏற்றினான். அணைந்தது. கடைசியில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். மெசேஜ் அங்கேயே இருந்தது.

*

மூன்றாம் நாள் மழை வெறிபிடித்துப் பெய்தது. முத்துமீனா ஒரு பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வந்துருச்சு" என்றாள். சின்னப்பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் எட்டிப் பார்த்தது. நான்கு எண்களைச் சொன்னாள். அவன் அடித்தான். பார்சல் கொடுக்கப்பட்டதாக போன் பச்சை காட்டியது. அவள் பெட்டியை வாங்கி நசுங்கிய மூலையைத் தடவிக் கொடுத்தாள்.

வேலை முடிந்துவிட்டது. இனி அவன் போகலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

அப்போது அவள் கையில் இருந்த போன் அலறியது. அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு?"

"அம்மா." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "சத்துணவுக்கூடத்துல சமைக்குது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடிச்சதும் இந்த நம்பருக்கு ஒருக்கா அடிக்கும், தினமும். சுவிட்ச் ஆஃப்னு சொல்றதைக் கேட்டுட்டு வச்சிரும். நான்... நான் சிம் வாங்குனதை அதுக்குச் சொல்ல மறந்துட்டேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு தாய், இரண்டு மாதத்துக்குப் பிறகு தன் மகனின் போன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முத்துமீனா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா... நான்தாம்மா. மீனா... இல்லம்மா. நான்தான்... அழாத. அம்மா, அழாத."

அழகுராஜா மழையில் நின்றான். படியேறி ஒதுங்கலாம். ஒதுங்கவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை நின்றான். பிறகு சொன்னான்.

"அந்த ஆளைத் தேட வேணாம்."

"ஏன்? தெரிஞ்சிருச்சா?"

"அந்த சிம்மைப் போட்டு டெலிகிராம் திறந்தீங்கன்னா அதுலயே இருக்கும். ஆனா நீங்க படிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்." தண்ணீர் முகத்தில் வழிந்து வாய்க்குள் போனது. "அது நான்தான்."

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"என்கிட்டதான் கேட்டான். என் இடத்தைக் காட்டிக் குடுக்க மனசில்ல. வாய்க்கு வந்த இடத்தைச் சொன்னேன். முந்தாநாள் நீங்க கதவைத் திறந்தப்பதான் எனக்கே தெரியும்."

"குவாரிக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"இல்ல."

"பாறை வழுக்கும்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத இடத்துக்கா அனுப்புனீங்க?"

தெருவில் ஒரு ஆட்டோ சேற்றை வாரியிறைத்துக்கொண்டு போயிற்று.

"ஒரு மீனுக்காக" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வதுபோல. "அதையும் புடிச்சுட்டு விட்டிருப்பீங்க."

"விட்டேன்."

அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகை இப்போதுதான் வந்தது, எத்தனையோ நாளாகத் தள்ளிப்போட்டது. அவன் ஒரு அடி எடுத்து வைத்தான், நின்றுகொண்டான். தொட அவனுக்கு உரிமை இல்லை.

"அதை அழிச்சிருக்கலாம். நேத்து கை வச்சேன். உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனா... உங்களை எனக்குப் புடிச்சிருக்கு மீனா. மறைச்சுட்டு அதை எப்படிச் சொல்றது? இனி சொல்லியும் பிரயோசனமில்ல, தெரியும். போறேன்."

திரும்பினான். வண்டியை எடுக்கப் போனவனை அவள் குரல் நிறுத்தியது.

"இன்னைக்கு நான் ஷிஃப்ட்டுக்குப் போகல. அம்மா சாயங்காலம் நாலு மணிக்கு வந்துரும்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எங்கிட்ட சொன்னதை அதுகிட்டயும் வந்து சொல்லணும். ஒரு வார்த்தை குறையாம. அது அடிச்சா வாங்கிக்கணும். மண்ணை வாரித் தூத்துனா நிக்கணும்."

"சரி... அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியாது." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "இந்த ரெண்டு நாளும் காலையில இருந்து வண்டிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு மாசங் கழிச்சு நேத்துத்தான் கண்ணாடி பாத்துத் தலை வாரினேன். யாருக்காக வாரியிருக்கேன்னு இப்ப நெனச்சா எனக்கு உடம்பெல்லாம் எரியுது."

"மீனா..."

"நீங்க வரலைன்னா உங்களை வெறுத்துட்டு நிம்மதியா இருந்துருவேன். ரொம்பச் சுலபம்." அவள் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எனக்கு அது வேணாம். வாங்க."

"வாரேன்" என்றான் அழகுராஜா.