தாத்தாவைப் பார்த்துக்கொண்டவர்

காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கண்கலங்கியிருந்தார்கள். அவள் மட்டும் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டக் கல்லூரியில் சேர அவள் மகள் தயாரித்த ரெஸ்யூமேவை நாத்தனார் உரக்கப் படித்ததுதான் காரணம்.

"பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாத்தாவை ஆறு ஆண்டுகள் தனியாளாகப் பராமரித்தேன். தினமும் மூன்று வேளை புரட்டிப் படுக்கவைத்தேன்... ஐயோ அண்ணி! எங்கப்பாவை இந்தப் பொண்ணு எப்படித் தாங்கியிருக்கா பாருங்களேன்!"

அந்த ஆறு வருடத்தில் நாத்தனார் வந்தது நான்கு முறை. நான்கு முறையும் வாசலிலேயே அழுது முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பியவள்.

"எங்க ரத்தம்ல!" என்றார் கணவர். அப்பாவின் அறைக்குள் போனால் தலை சுற்றும் என்று, ஆறு வருடமும் தலையைப் பத்திரமாக வைத்திருந்தவர்.

அந்தப் பத்தியில் யாருக்கும் எதுவும் இடிக்கவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். மகள் லேப்டாப்பைப் பாதி மூடினாள்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள்மா... எல்லாரும் என்னென்னமோ போடுறாங்க. எங்கிட்ட பேச்சுப் போட்டி ஆறுதல் பரிசுதான் இருக்கு. திட்டணும்னா திட்டிடு!"

"மூணு வேளைன்னு எழுதியிருக்கே. தப்பு," என்றாள் அம்மா. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும். இல்லன்னா முதுகு புண்ணாயிடும். நேர்ல கூப்பிட்டுக் கேட்டா மாட்டிக்குவே."

மகள் லேப்டாப்பை மறுபடி திறந்தாள்.

"கடைசியில அவருக்குப் பேச்சு வரல. தண்ணி வேணும்னா ரெண்டு தடவை கண்ணை மூடுவாரு. அதையும் போடு. அப்பத்தான் நம்புவாங்க..."

மகள் அந்தப் பத்தி முழுவதையும் அழித்தாள்.

"ஏண்டி அழிச்சே!" அம்மாவின் குரல் உடைந்தது. "நான் செஞ்சது அந்த ஒரு எடத்துலதாண்டி இருந்துச்சு...!"

மாமனார் போன அன்று வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக்கொண்டிருந்ததில் அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. இப்போது அழுதாள்.

"அம்மா... அம்மா, என்னை மன்னிச்சிடும்மா!" மகள் இறுகக் கட்டிக்கொண்டாள். கூடத்திலிருந்து "அண்ணி, இன்னொரு காபி!" என்று குரல் வந்தது. காபி போகவில்லை.

வெகுநேரம் கழித்து மகள் தட்டச்சு செய்தாள்: "தாத்தாவை ஆறு ஆண்டுகள் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் என் அம்மா. நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன்."

"இதைப் போட்டா சீட்டு கெடைக்குமாடி?"

"தெரியலம்மா."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்தாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"ஆறு வருஷம் இல்ல," என்றாள். "ஆறு வருஷம் நாலு மாசம்."

மகள் நாலு மாதத்தையும் சேர்த்து அனுப்பினாள்.