பாதாம் தேவியின் பெர்த்

தம்ளரில் பாதித் தண்ணீரைக் காணோம்.

வண்டி ஆட்டத்தில் சிந்தியிருக்கும் என்று கேசர் குனிந்து பெர்த்தைத் தடவிப் பார்த்தாள். ரெக்சின் காய்ந்து கிடந்தது, தரையிலும் ஈரமில்லை. மேலே கொக்கியில், வீட்டில் எல்லோரும் மாசா என்று கூப்பிடும் மாமியார் பாதாம் தேவியின் அஸ்தி சிவப்புத் துணிப் பைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஜோத்பூரிலிருந்து ராமேஸ்வரம் வரை கிழவிக்குத் தனி டிக்கெட், தனி பெர்த், வேளாவேளைக்கு ரொட்டி, தண்ணீர். கடலில் கரைக்கும்வரை அவளும் ஒரு பயணிதான். அதெல்லாம் ஊர் வழக்கம். ஆனால் மலடி கையால் குடிக்க மாட்டேன் என்று ஒன்பது வருஷம் கேசர் கொடுத்த தண்ணீரை முற்றத்தில் கொட்டியவள் பாதாம் தேவி. செத்த பிறகா மனசு மாறும்?

கேசர் இப்போது மலடியில்லை. ஐந்து மாசம். பிள்ளைத்தாச்சி அஸ்தியோடு போகக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். மூத்த மருமகள் வராமல் எப்படி என்று மைத்துனர்கள் ஒரே பிடியாய் நின்றார்கள். இந்தப் பிள்ளை மட்டும் தங்கிவிட்டால் போதும் சாமி, வேறெதுவும் வேண்டாம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேண்டிக்கொண்டே வந்தாள்.

எதிரே அவள் புருஷன் மூல்சந்த் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, மாசா தண்ணி குடிச்சிருக்காங்க."

"உளறாதே."

"தொட்டுப் பாருங்க."

அவன் தொடவில்லை. பாக்குவெட்டியை மூடினான். "மத்தியானம் வண்டி நின்னு கெளம்புச்சே, அப்ப நான் வாசல்ல இருந்தேன். மாசாவைக் கூப்பிட்டியா இல்லையா?"

மத்தியானம், வாரங்கல் தாண்டிப் பருத்திக் காட்டு நடுவில், வண்டி வீறிட்டு நின்றது. இரும்பு தேய்ந்த நாற்றமும் நசுங்கிய பச்சிலை வாடையும் ஜன்னல் வழியே ஏறின. "பொம்பளையாம்பா, ஊரு பேரு தெரியல" என்றது ஒரு குரல். "சாகறதுக்கு நம்ம வண்டிதான் கெடைச்சுதா? இனி மூணு மணி நேரம் லேட்டு" என்றார் இட்டார்சியில் ஏறிய வெங்காய வியாபாரி. வேடிக்கை பார்க்க மூல்சந்தும் வாசலுக்குப் போயிருந்தான். வண்டி குலுங்கி நகரத் தொடங்கியது. நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதெல்லாம் செத்தவரைப் பேர் சொல்லி ஏறச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே தங்கிவிடுவார். அதுவரை மூல்சந்த்தான் சொல்லி வந்தான்.

"கூப்பிட்டேன்."

"பேரு சொல்லியா?"

"மாமியார் பேரை நான் எப்படிங்க வாய்விட்டுச் சொல்லுவேன்?"

"பின்ன என்ன சொல்லித் தொலைச்ச?"

"வாங்க, ஏறுங்க, உங்களுக்கு எடம் இருக்குன்னு."

மூல்சந்தின் முகம் வெளுத்துப்போனது. காலை மடக்கி ஜன்னலோரம் ஒதுங்கினான்.

"எறங்கச் சொல்லுங்களேன்," என்றாள் கேசர்.

"எறங்கச் சொல்லவும் பேரு வேணும்டி. தண்டவாளத்துல செத்தவ பேரு உனக்குத் தெரியுமா?"

அன்று சாயங்காலம் வெங்காய வியாபாரி, "சாம்பலுக்கு ஒரு பெர்த்தா? நல்ல கூத்து!" என்று நக்கலாகச் சொல்லிக்கொண்டே அந்த பெர்த்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். வேட்டியின் பின்புறம் நனைந்து ஒட்டியிருந்தது. "ஆள் படுத்திருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று முணுமுணுத்தபடி மூட்டையோடு வேறு பெட்டிக்குப் போனவர் திரும்பவே இல்லை.

அஸ்தியைத் தனியே விடக் கூடாது என்று அந்த பெர்த்தின் ஓரத்தில் ஒண்டியிருந்த கேசர் இரவு முழுக்கக் கண்ணை மூடவில்லை. சக்கரச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது, யாரோ பக்கத்தில் படுத்து வாயால் மூச்சு விடுவதைப்போல. ரெக்சின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முதலில் அது பைக்கு நேர் கீழே இருந்தது. விடியும்போது அவள் காலருகே வந்துவிட்டது. பச்சிலை வாடை. நகர இடமில்லை. வயிற்றுக்குள் ஏதோ சில்லிட்டது.

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. இருபுறமும் கடல். பள்ளம் இப்போது அவள் தொடையை ஒட்டி இருந்தது.

ராமேஸ்வரம். சனம் முட்டி மோதி இறங்கியது. மூல்சந்த் பையை மார்போடு அணைத்து, "பாதாம் தேவி, எறங்குங்க, கடல் வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே பிளாட்பாரத்தில் குதித்தான். கேசருக்குக் கால் எழவில்லை. மடியில் ஒரு பாரம். குளிர்ந்த பாரம்.

கும்பல் கரைந்தது. அவனுக்குப் பொறுமை போயிற்று. நாலு பேர் நடுவே பெண்டாட்டியைப் பேர் சொல்லி அழைக்காதவன், ஆத்திரத்தில் கத்தினான்.

"கேசர்! எறங்கு!"

பாரம் மடியைவிட்டு எழுந்தது.

வாசலில் ஒருத்தி இறங்கினாள். கேசரின் மஞ்சள் பாவாடை. கேசரின் வளையல். மார்வரை இழுத்துவிட்ட முக்காடு. மூல்சந்த் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டான்.

கேசர் ஜன்னல் கம்பியைப் பற்றிக் கத்தினாள். ஒருத்தரும் திரும்பவில்லை. வயிற்றைத் தொட்டாள். தட்டையாக இருந்தது.

கூட்டிப் பெருக்குகிறவள் பெட்டிக்குள் வந்தாள். கேசர் உட்கார்ந்திருந்த இடத்தை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு அடுத்த பெர்த்துக்குப் போனாள்.

வெளியே மூல்சந்தின் குரல் தேய்ந்துகொண்டே போனது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டறியாத இதமான குரல்.

"மெதுவா நட. வயித்துல புள்ளை இருக்கு."