உப்புத் தீவில் இறங்கிய விமானம்

விமானத்தை ஜெசிந்தாதான் ஓட்டிப்போகிறாள் என்று கேட்டதும் உப்பளத் தெருவில் பாதிப்பேர் ஜெபம் செய்தார்கள், மீதிப்பேர் சிரித்தார்கள். சும்மா சிரிக்கவில்லை. போன மாதம் பயிற்சியில், பத்திரமாகத் தரையைத் தொட்ட விமானத்தை அவள் அப்படியே ஓடுபாதையை விட்டு ஓட்டிப்போய் உடைமரப் புதருக்குள் நிறுத்தியிருந்தாள்.

குற்றம் அவள் அப்பாவின் உப்பு லாரியுடையது. ஏழு வருஷம் அதை ஓட்டியவள். சக்கரம் தரையில் உருண்டாலே உடம்பு லாரிக்குப் போய்விடும். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் விலகினால் கை ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கும். பயந்துவிட்டாலோ கிளட்ச், பிரேக் என்று இரண்டு காலும் சேர்ந்து மிதிக்கும். ஆனால் விமானத்தில் ஸ்டியரிங் இறக்கையைத்தான் சாய்க்கும்; தரையில் ஓடும்போது திருப்புவது கால். வலப் பெடலை மிதித்தால் வலப்பக்கம், இடப் பெடலை மிதித்தால் இடப்பக்கம். இது தெருமுனை டீக்கடை வரைக்கும் தெரியும். அவள் காலுக்குத்தான் தெரியவில்லை.

வேறு வழியும் இல்லை. போர்க்காலத்தில் ராணுவம் புதைத்த பெட்டி இருக்கிறதென்று உப்புத் தீவுக்குத் தனியாகப் போன அவள் அண்ணன் அருளப்பன், அங்கே காலை முறித்துக்கொண்டு கிடந்தான். அப்படி ஒரு புத்திசாலி. கொந்தளிக்கிற கடலில் படகு போகாது. ஹெலிகாப்டர் நாளை மறுநாள்தான். அவள் பயிலும் விமான கிளப்பில் அன்றைக்கு வேறு பைலட் இல்லை. "தண்ணி தீந்துட்டு, ஜெசி" என்று காலையில் சொன்னவன், அப்புறம் போனை எடுக்கவில்லை.

"செருப்பைக் கழட்டுட்டி" என்றார் மெக்கானிக் இசக்கிராஜ், பக்கத்து இருக்கையில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே. "குதிகாலைத் தரையில ஊனிக்க. பிரேக்கு பெடலோட மேல் நுனியில இருக்கு. குதிகால் கீழ இருந்தா உன் லாரிப் புத்தி அங்க எட்டாது."

"பயமா இருந்தா நீங்க இறங்கிக்கோங்க, அண்ணாச்சி."

"பயந்தான். ஆனா புதருக்குள்ள போனா வெளிய இழுக்க ஆள் வேணும்லா."

தீவின் பழைய ஓடுபாதை மேலிருந்து பார்க்கையில் கிழிந்த பாய் போலக் கிடந்தது. அதன் முடிவில் ஒரு பள்ளம். இடப்பக்கக் கடலிலிருந்து காற்று விடாமல் அறைந்தது. முதல் முறை பயந்து மேலே ஏற்றிவிட்டாள். இரண்டாவது முறை முன்சக்கரங்கள் தட்டின, வாலின் குட்டிச் சக்கரமும் உட்கார்ந்தது.

"வந்தாச்சு" என்று இசக்கிராஜ் மூச்சு விட்டார். அந்த ஒரு சொல்லில் ஜெசிந்தாவின் கால்கள் தளர்ந்தன.

காற்று அதற்குத்தான் காத்திருந்தது போல வாலைத் தள்ளியது. மூக்கு இடப்பக்கம் சுழன்றது. அவள் கை பழக்கப்படி வலப்பக்கம் ஒடித்தது. இடது இறக்கை எழும்பியது.

"லாரி இல்லட்டி!"

கையைக் காற்றுப் பக்கம் திருப்பினாள். வலக்காலை அழுத்தினாள். மூக்கு வலப்பக்கம் அதிகமாகப் போனது. இடக்காலால் சின்னதாக ஒரு தட்டு. மறுபடி வலம். வேகம் குறையக் குறைய வால் சொன்னபடி கேட்க மறுத்தது, அவளும் விடாமல் மிதித்தாள். பள்ளத்துக்குப் பத்தடி முன்னால் விமானம் நின்றது.

அருளப்பன் உயிரோடிருந்தான். உதடு வெடித்திருந்தது, பக்கத்தில் துருப்பிடித்த ஓர் இரும்புப் பெட்டி. தண்ணீர் குடித்ததும் முதல் பேச்சே அதைப்பற்றித்தான்.

"இதையும் ஏத்திரு. இன்னும் திறக்கல."

"ரெண்டாள் கனம் இருக்கு" என்றாள் ஜெசிந்தா. " பின்னாடிதான் வைக்கணும். வாலு கனத்தா, இறங்கும்போது வாலுதான் முன்னால வரும்."

"நாலு நாள் தோண்டினேன்ட்டி."

"அப்ப நீ இரு. பெட்டியைக் கூட்டிட்டுப் போறேன்."

பெட்டி அங்கேயே கிடந்தது. உள்ளே என்ன இருந்தது என்று உப்பளத் தெருவுக்கு இன்றுவரை தூக்கமில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது, சக்கரம் தொட்டதுமே வேலிக்கு வெளியே கூட்டம் ஆரவாரம் செய்தது. சிரித்தவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். அருளப்பன்கூட ஜன்னல் வழியாகக் கையாட்டினான். ஜெசிந்தா யாரையும் பார்க்கவில்லை. தொட்டுவிட்டால் இறங்கியதாகிவிடாது என்று அவள் காலுக்கு இப்போது தெரிந்திருந்தது. அது வலம், இடம் என்று தட்டிக்கொண்டே வந்தது. விமானம் நின்று, எஞ்சின் அணைந்து, இசக்கிராஜ் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

அதற்கப்புறம்தான் அழுதாள்.