ஆமென் சொல்லும்வரை

கருவாட்டுப் பொதியைப் பிரீனா மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். காட்டுக்குப் போனாலும் கருவாடு இல்லாமல் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது என்று முட்டத்திலிருந்து அம்மா கொடுத்துவிட்டது, இறுக்கித்தான் கட்டியிருந்தாள். நாற்றம் அதிலிருந்து வரவில்லை. நனைந்த ரோமமும் ஊசிப்போன இறைச்சியும் கலந்த வீச்சம் ஒன்று குளியலறையிலிருந்து கிளம்பி, கூடத்தில் தேங்கி, அவள் தொண்டைக்குள் வழவழவென்று இறங்கியது. சீ, என்ன கண்றாவி!

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த கணவன் சிஜின், புலிகள் காப்பகத்தில் ஜீப்பும் அறையும் ஏற்பாடு செய்ய முன்கூட்டியே போய், நேற்றுத்தான் திரும்பினான். அவன் வந்ததிலிருந்துதான் இந்த வீச்சம். விடிந்தால் புறப்பாடு. யானை பார்க்கப் போகிறேன் என்று நாலு வயது மகள் ஸ்மைலின் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

மத்தியானம் அயிலை மீன் கழுவி வைத்த சட்டி காலியாகக் கிடந்தது. மூதேவிப் பூனை என்று திட்டிக்கொண்டே திரும்பியவள், சிஜினின் தாடியில் செதில் மின்னுவதைப் பார்த்தாள். கட்டினவனைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று வெட்கமாக இருந்தது.

அறையைப் பற்றிக் கேட்டாள். ஒரு ஆளுக்குத்தான் எடுத்திருப்பதாகச் சொன்னான்.

"அப்பம் நீங்களும் பிள்ளையும்?"

"நாங்க அறையில உறங்க மாட்டோம்."

அவன் வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. துடைக்கவில்லை.

பிள்ளையைக் கொடுக்க மாட்டேன். இப்போதே தூக்கிக்கொண்டு முட்டத்துக்குப் போய்விடவேண்டும். பிரீனா கூடத்துக்கு ஓடியபோது அங்கே பாய் விரித்திருந்தது. பயணத்துக்கு முந்தின ஜெபம். ஸ்மைலின் அப்பாவின் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள்.

"ஏட்டி, கண்ண மூடு," என்றான் சிஜின்.

ஜெபத்தில் கண் திறந்து அடி வாங்கி வளர்ந்தவள் பிரீனா. இமை தானாக ஒட்டிக்கொண்டது. ஆமென் வந்ததும் பின்வாசல் வழியாக ஓடிவிடலாம். பிள்ளையின் கையை இறுகப் பற்றினாள்.

பாதையைக் காத்துக்கொள்ளும் என்று ஆரம்பித்த குரல் மெல்ல மெல்லக் கரகரத்து, வார்த்தை தேய்ந்து, மூச்சாயிற்று. வீச்சம் நெருங்கியது. நக்கும் சத்தம். நிதானமாக. ஈரமாக. ஆமென் வரவில்லை.

கண் திறந்தாள்.

பூனை குட்டியை நக்குவதுபோல, பிள்ளையின் பிடரியை நக்கிக்கொண்டிருந்தான் சிஜின். ஸ்மைலின் சுகமாகத் தலை சாய்த்திருந்தாள். அவள் கன்னத்திலும் செதில்.

பிரீனா கையை இழுத்தாள். பிள்ளை விடவில்லை. குனிந்து அம்மாவின் விரல்களை நக்கினாள். நாக்கு தேங்காய்த்துருவி போல அராவியது. தோல் உரிந்தது.

"உப்பா இருக்கும்மா," என்றாள் ஸ்மைலின். மறுபடியும் குனிந்தாள்.